பானட்டைத் திறந்தால் வேற வண்டி!

திருவண்ணாமலை, செங்கம் ரோடு. ரமணாசிரம வாசலுக்குச் சற்றுத் தள்ளி வரிசையாக அம்பாசடர்கள் நின்ற காலம் ஒன்று உண்டு. வெள்ளை வேட்டி கட்டிய ஐரோப்பியர்கள் தியான ஹாலிலிருந்து வெளியே வருவார்கள். முதல் பார்வை மலைக்கு, இரண்டாவது பார்வை அம்பாசடருக்கு. பிறகு கேமரா. வட்டமான முகப்பு, உப்பிய மட்கார்டு, சோபா மாதிரி சீட்... அவர்கள் ஊரில் இதையெல்லாம் மியூசியத்தில்தான் பார்க்கமுடியும். இங்கே வாடகைக்கே கிடைக்கிறது!

அப்படி ஒரு வண்டியின் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, "இது எந்த வருஷ மாடல்ங்க?" என்று கேட்டேன்.

"பாடி அறுபத்தி நாலு சார். இன்ஜினு தொண்ணூத்தி ஒண்ணு. கியர் பாக்ஸு வேற ஒரு வண்டிது. பெட்ரோல் வண்டிதான் இது. பெட்ரோல் ஊத்தி ஓட்னா எங்க சார் கட்டுப்படி ஆவும்? டீசல் இன்ஜின் தூக்கி வெச்சிட்டோம்."

சட்டை மாற்றினேன் என்பதுபோலச் சொன்னார். ஒரு காரின் நெஞ்சைத் திறந்து, பிறந்ததிலிருந்து துடித்த ஒன்றை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, வேறொன்றை உள்ளே வைத்துத் தைப்பது சாதாரண வேலையா என்ன? இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு அமெரிக்க வங்கிக்காரர், அவருடைய முன்னாள் டிரைவர், கொல்கத்தா பக்கத்து ஃபேக்டரி ஒன்று, நம்ம வண்டலூர், டெல்லியின் விலைக் கொள்கை எல்லாமே வருகின்றன.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர், தீப்பொறியே இல்லாமல் காற்றை நசுக்கி நசுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளை எரியவைக்கும் இன்ஜினை 1897-ல் ஓட்டிக் காட்டினார். 1913-ல் கப்பலில் போனவர் நடுக்கடலில் காணாமல் போனார். அது தனிக் கதை. அவர் செய்த இன்ஜின் பூதம் மாதிரி இருந்தது. ஃபேக்டரிக்கும் கப்பலுக்கும் சரி, காருக்கு? யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

நினைத்துப் பார்த்தவர் கிளெஸி கம்மின்ஸ். கரன்ட் போனால் கல்யாண மண்டபத்துப் பின்னால் உறுமும் ஜெனரேட்டரில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், கொலம்பஸ் என்ற சிறிய ஊர். அங்கே வில்லியம் இர்வின் என்ற வங்கிக்காரரின் வீட்டுக் கார் டிரைவராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர்தான் கம்மின்ஸ். அவருடைய திறமையைப் பார்த்து இர்வின் பணம் போட, 1919-ல் டீசல் இன்ஜின் கம்பெனி தொடங்கியது. பத்து வருஷம் பணம் உள்ளே போனதே தவிர, வெளியே வரவில்லை. 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை தலைகுப்புற விழுந்தது. 'போதுமப்பா, கடையைச் சாத்திவிடலாம்' என்ற முடிவுக்கு இர்வின் வந்துவிட்டார்.

கம்மின்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பழைய பேக்கார்ட் லிமோசினைப் பிடித்தார். அதன் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, தன் கம்பெனியின் டீசல் இன்ஜினை உள்ளே நுழைத்தார். அது காருக்காகச் செய்ததே இல்லை, படகுக்குச் செய்தது! 1929 கிறிஸ்துமஸ் அன்று முதலாளி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "வாங்க, ஒரு ரவுண்டு போகலாம்" என்றார். ரவுண்டு முடிந்து இறங்கிய இர்வின் கடையைச் சாத்தவில்லை. அடுத்த மாதம், 1930 ஜனவரியில், அதே பேக்கார்ட் நியூயார்க் மோட்டார் கண்காட்சிக்குக் கிளம்பியது. 792 மைல். எரிபொருள் செலவு? ஒரு டாலர் 38 சென்ட்!

கவனியுங்கள். அமெரிக்காவின் முதல் டீசல் காரே ஃபேக்டரியில் பிறந்தது இல்லை. செகண்ட் ஹேண்ட் காரில் இன்ஜினை மாற்றி வைத்ததுதான். பென்ஸ் கம்பெனி 260 டி என்று முறையாக ஒரு டீசல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான், 1936-ல். அதை ஆசையாக வாங்கியவர்களும் ஜெர்மனியின் டாக்ஸிக்காரர்களே.

பெட்ரோல் இல்லாமல் ஓட்டும் வித்தை நமக்கு ஒன்றும் புதிது இல்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பெட்ரோல் ரேஷனில் வந்தபோது, நம் ஊர் பஸ்களின் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு சமாச்சாரம் தொங்கியது. உள்ளே கரியைப் போட்டு எரித்து, அதில் வரும் வாயுவில் பஸ் ஓடியது. டி.வி.எஸ். நிறுவனமே அந்த கேஸ் பிளான்ட்டுகளைத் தயாரித்து விற்றது. வீட்டில் வயசான தாத்தா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளிய கதையைச் சொல்வார்!

சுதந்திரத்துக்குப் பிறகு கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. இருக்கிற காரை வைத்துத்தான் குப்பை கொட்டவேண்டும். கிராமத்தில் 'பிளஷர் கார்' என்று மரியாதையாக அழைக்கப்பட்ட பிளைமவுத், டாட்ஜ், செவர்லே எல்லாம் ஜமீன்தார் வீட்டிலிருந்து இறங்கி டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்தன. அந்த அமெரிக்க இன்ஜின்கள் பெட்ரோலைக் குடிக்கவில்லை, குளித்தன. இந்தப் பக்கம் சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி, இங்கிலாந்தின் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களை 1950-களிலிருந்தே தயாரித்துக்கொண்டிருந்தது. லாரிக்கும் டிராக்டருக்கும் பழகிய மெக்கானிக்கின் கை, பிளைமவுத்தின் பானட்டுக்குள்ளும் நீண்டது. கார் ராஜாவுடையது, குரல் லாரியுடையது. இந்தியா முழுக்க எத்தனையோ அமெரிக்கக் கார்கள் இப்படித்தான் டாக்ஸியாக இன்னும் இருபது வருஷம் பிழைத்துக் கிடந்தன.

இதில் மூக்கின் மேல் விரல் வைக்க ஒன்றும் இல்லை. பிரிட்டனிலேயே என்ன நடந்தது? 1954-ல் அங்கே வந்த முதல் டீசல் கார் ஸ்டாண்டர்ட் வேன்கார்ட். அதில் இருந்தது ஃபெர்குசன் டிராக்டரின் இன்ஜின்! வெள்ளைக்காரன் செய்தால் தொழில்நுட்பம், நம்ம பட்டறைக்காரர் செய்தால் ஒட்டுவேலையா?

சரி, அம்பாசடருக்கு வருவோம்.

பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் ஆரம்பித்தது. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஃபேக்டரி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சுகளை வாங்கிவந்து, 1957-58 வாக்கில் அம்பாசடர் என்று பெயர் வைத்து விட்டார்கள். சீக்கிரமே அதற்கு 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் வந்தது. பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வடிவமைப்பு. அதற்கப்புறம் மார்க் 2, மார்க் 3 என்று பெயர் மாறியதே தவிர, உள்ளே பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஏன் மாறணும்? வாங்குவதற்குக் க்யூ நிற்கிறதே!

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கின. பெட்ரோல் விலை எகிறியது. டெல்லி அரசாங்கம் என்ன கணக்குப் போட்டது என்றால், பெட்ரோல் பணக்காரன் சமாச்சாரம், டீசல் பஸ்ஸுக்கும் லாரிக்கும் விவசாயிக்குமானது. ஆகவே பெட்ரோலுக்கு வரியைப் போடு, டீசலைத் தாங்கிப்பிடி. நல்ல எண்ணம்தான். ஆனால் விலையில் இவ்வளவு பெரிய பள்ளம் வெட்டினால் தண்ணீர் அங்கேதானே ஓடும்?

1980-ஐ ஒட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே டீசல் அம்பாசடரை இறக்கியது. இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் அதுதான். அதே 1489 சி.சி., அதே பி.எம்.சி. குடும்பம். சக்தி வெறும் 37 குதிரை. ஒரு டன்னுக்கு மேல் எடை, உள்ளே டிரைவரையும் சேர்த்து ஏழு பேர், மேலே கேரியரில் மூட்டைகள், இழுப்பதற்கு 37 குதிரை! காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிடவேண்டும். ஸ்டார்ட் ஆனால் தெருவே எழுந்துகொள்ளும். மேட்டில் லாரிக்காரன் ஓவர்டேக் பண்ணிக்கொண்டு போவான். டாக்ஸிக்காரர்கள் அதையும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கினார்கள்.

காரணம் புரியவேண்டுமென்றால் கொஞ்சம் கணக்குப் போடலாம். காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட்டால் வேறென்ன வரும்? 1994-ல் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 17 ரூபாயை ஒட்டி இருந்தது. டீசல் 7 ரூபாயை ஒட்டி. திருவண்ணாமலையிலிருந்து மெட்ராஸ் போய்த் திரும்ப 400 கிலோமீட்டர் என்று வையுங்கள். பழைய பெட்ரோல் அம்பாசடர் லிட்டருக்கு 10 கொடுத்தால் 40 லிட்டர், 680 ரூபாய். டீசல் வண்டி 13 கொடுத்தால் 31 லிட்டர், 217 ரூபாய். ஒரு சவாரிக்கு மிச்சம் 463. இன்ஜின் மாற்ற 25 ஆயிரம் செலவு என்று வைத்துக்கொண்டாலும், 54 சவாரியில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். வாரம் ஒரு மெட்ராஸ் சவாரி போதும், ஒரு வருஷத்தில் அசல் தேறிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் 'ஐயோ, ஒரிஜினல் இன்ஜினாச்சே' என்று எந்த டாக்ஸி ஓனராவது கண்ணீர் விடுவாரா?

மெக்கானிக்குகளுக்கு இது எளிதாக இருந்ததற்கும் காரணம் இருக்கிறது. கம்பெனியின் டீசல் இன்ஜின், பெட்ரோல் இன்ஜினின் உடன்பிறப்பு. அதனால் பழைய பெட்ரோல் அம்பாசடருக்குள் அது பெரிய சண்டை போடாமல் உட்கார்ந்தது. சண்டை வேறு இடங்களில் வந்தது. டீசல் இன்ஜின் கனம். காற்றை இருபது மடங்குக்கு மேல் நசுக்குகிற இன்ஜின், இரும்பைத் தாராளமாகக் கேட்கும். முன்பக்கம் கனத்தால் வண்டி மூக்கைத் தொங்கப்போடும். டார்ஷன் பாரை ஏற்றி வைக்கவேண்டும். டேங்க்கிலிருந்து இன்ஜினுக்கு ஒரு குழாய் போதாது. மிஞ்சுகிற டீசல் திரும்பிவர இன்னொரு குழாய் வேண்டும். செல்ஃப் மோட்டார் பெரிசு, ஆகவே பேட்டரி பெரிசு. உதறல் தாங்காமல் ரப்பர் மவுண்டிங் அடிக்கடி கிழியும். பம்ப்பும் நாசிலும் சரியாக இருந்தால் வண்டி. இல்லையென்றால் புகைக்கூண்டு.

வேறு கம்பெனி இன்ஜின் என்றால் வேலை இன்னும் ருசி. மேட்டடார் வேன் இன்ஜினை வைத்தவர்கள் உண்டு. பின்னால் கம்பெனியே ஜப்பானின் இசூசூ இன்ஜினை வாங்கி அம்பாசடரிலும் கான்டெஸாவிலும் பொருத்தியது. 1990-களில் வந்த 1800 ஐ.எஸ்.இஸட். பெட்ரோலுக்கு 75 குதிரை. அடுத்து இரண்டு லிட்டர் இசூசூ டீசல். ஆக்ஸிடென்ட்டில் நசுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய இசூசூ டீசல் கிடைத்தால் பட்டறையில் திருவிழாதான். லேத்தில் அடாப்டர் பிளேட் கடைந்து, கிளட்ச்சைப் பொருத்தி, கார்டன் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டி... இதற்கெல்லாம் புத்தகம் கிடையாது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சாக்பீஸால் சிமென்ட் தரையில் கோடு போட்டு அளவெடுக்கிற ஆசாமிதான் இன்ஜினீயர்.

கம்பெனிகள் செய்தாலே இது எப்போதும் ஜெயிக்காது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனியைப் பாருங்கள். 1985-ல் பிரிட்டனின் ரோவர் காருடைய அட்டகாசமான பாடியை எடுத்துவந்து 'ஸ்டாண்டர்ட் 2000' என்று விட்டார்கள். பானட்டைத் திறந்தால்? வேன்கார்ட் காலத்து வம்சத்தில் வந்த பழைய பெட்ரோல் இன்ஜின்! பட்டு வேட்டிக்குள் கிழிந்த டிராயர். விலை அதிகம், மைலேஜ் ஏமாற்றம். 1988-ல் மூட்டை கட்டினார்கள். பட்டறைக்காரருக்கு இந்தத் தப்பு செய்ய வசதி கிடையாது. வண்டி மேடு ஏறவில்லையென்றால் ஓனர் மறுநாள் காலை கடை வாசலில் நிற்பார்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் ரமணாசிரமப் பக்கம் சுற்றும் புல்லட் பிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். பம்ப்செட் மாதிரியான சின்ன டீசல் இன்ஜினை புல்லட்டில் மாட்டுகிற பைத்தியக்காரத்தனம் நாடு முழுக்க நடந்தது. திருவொற்றியூரில் 1955-லிருந்து புல்லட் செய்துவந்த என்ஃபீல்டு கம்பெனி, 'நாங்களே செய்து தருகிறோம்' என்று டாரஸ் என்ற டீசல் புல்லட்டை இறக்கியது. 325 சி.சி., ஆறரை குதிரை. வேகத்தில் சைக்கிளுக்கு அண்ணன். ஆனால் டேங்க்கை நிரப்பினால் எப்போது தீரும் என்பதே மறந்துபோகும். 2000-ஐ ஒட்டி புகைக் கட்டுப்பாடு விதிகள் அதை முடித்துவைத்தன.

இந்த வித்தை நமக்கு மட்டும் சொந்தமில்லை. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங் என்ற மலைக் கிராமத்தில், தேயிலைத் தோட்டத்து துரைமார்கள் விட்டுப்போன லேண்ட்ரோவர்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு செங்குத்தான பாதையில் ஏறின. பலவற்றின் உள்ளே இருந்தது மஹிந்திரா டீசல் இன்ஜின். கியூபாவில் கதை இன்னும் பெரிசு. 1960-களில் அமெரிக்கா வர்த்தகத்தைத் துண்டித்த பிறகு, உதிரிபாகம் வராது. ஆகவே ஹவானா தெருக்களில் ஓடிய 1950-களின் செவர்லேக்களைத் திறந்து பார்த்தால் உள்ளே ரஷ்ய இன்ஜின், ஜப்பான் இன்ஜின், கொரியா இன்ஜின்... பெரும்பாலும் டீசல். சுற்றுலாப் பயணி வெளியே நின்று போட்டோ எடுப்பார். பானட்டைத் திறக்கச் சொல்லமாட்டார்.

நன்மையை மட்டும் பாடிவிட்டுப் போனால் நியாயமில்லை. வயசான டீசல் இன்ஜின் கக்கும் கரும்புகையை, அதன் பின்னால் டூவீலரில் போனவர்கள்தான் விழுங்கினார்கள். 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. டாக்ஸிக்காரர் மிச்சம் பிடித்த 463 ரூபாயில் ஒரு பங்கை ஊரின் நுரையீரல் கட்டியது என்பதுதான் உண்மை. கணக்குப் புத்தகத்தில் அந்தப் பத்தி மட்டும் காலியாக இருந்தது.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக மாறியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை 2000-ல் திருத்தி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றவே கூடாது என்று இறுக்கினார்கள். அங்கீகரிக்கப்பட்ட கிட் வைத்து கேஸுக்கோ பேட்டரிக்கோ மாறுவதற்கு மட்டும் வழிவிட்டார்கள். 2010-ல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு போனது, 2014 அக்டோபரில் டீசலுக்கும் போனது. 10 ரூபாய் வித்தியாசம் அப்போது டீசல் விலையைவிடப் பெரிசு. இப்போதும் சென்னையில் வித்தியாசம் பத்து ரூபாய்க்குள்தான். ஆனால் லிட்டர் விலையே நூறைத் தொட்டு நிற்கும்போது அந்தப் பத்து ரூபாய்க்காக யார் இன்ஜினைக் கழற்றுவார்கள்?

அம்பாசடரும் போய்விட்டது. 1980-களில் வருஷத்துக்கு 24 ஆயிரம் விற்ற கார், 2013-14-ல் 2,200-க்கு வந்து நின்றது. ஒரு நாளைக்கு ஐந்து கார் செய்துகொண்டிருந்த உத்தர்பாரா ஃபேக்டரியை 2014 மே மாதம் நிறுத்தினார்கள். 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு ஃபிரான்ஸின் பூஜோ கம்பெனி வாங்கியது. காருக்கு இல்லாத விலை பெயருக்கு!

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். 2021 ஜூலையில் மத்திய அரசு 'வின்டேஜ்' வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிக்கு 20 ஆயிரம் ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட். பத்து வருஷம் செல்லும். வாடகைக்கு ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் ரேலிக்கும் கொண்டுபோகலாம். நல்ல விதி, வரவேற்கவேண்டிய விதி. ஆனால் நிபந்தனை ஒன்று இருக்கிறது. வண்டி அசல் உருவத்தில் இருக்கவேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது.

ஆக, பணக்கார வீட்டு ஷெட்டில் துணி போர்த்திக்கிடந்த 1964 மாடலுக்கு மாலை மரியாதை. அதே வருஷம் பிறந்து, டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்து, டீசல் இன்ஜின் வைத்ததாலேயே காயலான் கடைக்குப் போகாமல் தப்பித்து, நாற்பது ஐம்பது வருஷம் உழைத்த வண்டிக்கு இடம் இல்லை. ரகரகமாக ஒரிஜினாலிட்டி பேசுகிறவர்கள் சொல்லக்கூடும், 'அப்படித்தானே இருக்கணும்' என்று. எனக்கு அது ஒப்பவில்லை. எல்லா மாற்றத்துக்கும் ஆமாம் போடச் சொல்லவில்லை, 1991-ல் அங்கீகாரத்தோடு வைத்த டீசல் இன்ஜினும் அந்தக் காரின் சரித்திரத்தில் ஒரு அத்தியாயம்தானே என்று கேட்கிறேன். அமெரிக்காவில் கம்மின்ஸின் பேக்கார்டை 'இன்ஜின் மாற்றிய வண்டி, ஒதுங்கு' என்று யாராவது சொல்வார்களா?

விதி விதிதான். அதனால் இப்போது தலைகீழ்ப் படலம் நடக்கிறது. பழைய அம்பாசடரை வாங்கியவர்கள் டீசலைக் கழற்றிவிட்டு 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினைத் திரும்ப வைக்கப் பார்க்கிறார்கள். சென்னை புதுப்பேட்டை சந்துகளில் பிளாக்கையும், கார்புரேட்டரையும், டிஸ்ட்ரிபியூட்டரையும் தேடி அலைகிறார்கள். அன்றைக்கு டீசலுக்கு இடம் விட்டு வெளியே வந்த பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலானவை எடைக்குப் போய், உருகி, எப்போதோ வேறு இரும்பாகிவிட்டன. மிஞ்சியவற்றை வைத்திருக்கிற கடைக்காரர் ரேட்டைச் சொல்வதற்கு முன்னால், உங்களை மேலும் கீழும் ஒருமுறை பார்க்கிறார்.